கடலில் ஒட்டிய கிளி

மகனே,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. நேற்று முழுவதும் அதை மடித்தும் பிரித்தும் கொண்டிருந்தேன். இன்று வியாழன். நாளைக் காலைத் தபாலில் போட்டால் சனிக்கிழமை ஆவடிக்கு வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை உன் மனைவி மரகதம் அம்பத்தூரிலுள்ள தன் தாய்வீட்டிலிருந்து திரும்புவதற்குள் நீ படித்துவிடலாம். எதையும் வரிசையாகச் சொல்லாவிட்டால் எனக்குப் பாதியில் பயம் வந்துவிடும், நிறுத்திவிடுவேன். ஆகையால் சொல்லப்போவதை முதலில் எண் போட்டுத் தருகிறேன்.

1. நீ செய்ததும், நீ கேட்ட கேள்வியும்.
2. உன் அம்மாவின் தேசப்படப் புத்தகம்.
3. அவளுடன் வேடிக்கை பார்க்கப் போன இரண்டு இடங்கள். அங்கே நான் நடந்துகொண்ட விதம்.
4. அந்தப் புத்தகத்தைக் கரையான் தின்னவில்லை என்பது.
5. நீ செய்ததை மரகதத்திடம் சொல்லவேண்டாம் என்பது. அதற்கு என் காரணங்கள்.
6. இனி அவளோடு நீ எப்படி இருக்கவேண்டும் என்பது.

முப்பது வருஷம் பத்திரப் பதிவு அலுவலகத்தில் நகல் எழுதியவன் நான். அங்கே ஒரு விதி உண்டு. எழுதியதைச் சுரண்டக்கூடாது. பிழை நேர்ந்தால் அது தெரியும்படியே விட்டுவிட்டு, பத்திரத்தின் கடைசியில் இன்ன இடத்தில் இன்ன பிழை என்று குறிப்பு எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும். வேறு விதமாக எழுத எனக்குத் தெரியாது. இந்தக் கடிதத்தையும் அப்படியே எழுதுகிறேன்.

முதலில் நீ செய்தது. நீ எழுதியதை உனக்கே திருப்பிச் சொல்கிறேன். இன்னொருவன் கையெழுத்தில் பார்த்தால்தான் அதன் முகம் உனக்குத் தெரியும். ராணுவக் கிடங்கில் உனக்கு மேலே இருப்பவர் போன வாரம் உன் வீட்டுக்குக் காப்பி சாப்பிட வந்தார். மரகதம் ஊரில் இல்லை. அவர் ஜன்னல் பக்கம் பார்த்து, "இன்னாப்பா, பழைய சாமான் கடை வெச்சிகினு கிறியா?" என்று கேட்டார். நீயும் கூடச் சிரித்தாய். அவர் போனதும் கூடையை எடுத்து, ஜன்னல் கட்டையில் அவள் அடுக்கி வைத்திருந்ததையெல்லாம் அதில் வழித்துப் போட்டு, கொல்லைப்புறத்துப் பாழுங்கிணற்றில் கொட்டிவிட்டாய். இப்போது என்னைக் கேட்கிறாய்: ஜன்னலைத் திறந்து வைத்திருந்தேன், குரங்கு வந்து இழுத்துப் போட்டுவிட்டது என்று சொல்லிவிடலாமா, அல்லது உள்ளதைச் சொல்லவேண்டுமா என்று.

அந்த ஜன்னல் எனக்குத் தெரியும். பொங்கலுக்கு வந்தபோது மரகதம் என்னை அங்கே நிற்க வைத்து ஒவ்வொன்றாகக் காட்டினாள். சோடா பாட்டிலிலிருந்து எடுத்த பச்சைக் கோலிகள் பதினொன்று. ரோஜாப்பூப் போட்ட உடைந்த சாசரின் ஒரு துண்டு. கோச்சு வண்டியில் ஒரு சீமாட்டி போவதுபோல் படம் போட்ட பிஸ்கட் டப்பா மூடி. கிரீடம் பதித்த ஒரு செங்கல். தந்திக் கம்பத்திலிருந்து விழுந்த வெள்ளைப் பீங்கான் கிண்ணம் ஒன்று. அதைக் கவிழ்த்து நிறுத்தி ஒற்றைச் சாமந்தி செருகியிருந்தாள். "மாமா, இத்த பாருங்க. கம்பத்து மேல கெடந்தப்ப யாருனா திரும்பிப் பாத்திருப்பாங்களா? பூ வெச்சா எவ்ளோ ஜோரா கீது!" என்றாள். ஜோராகத்தான் இருந்தது. அப்படிச் சொல்ல வாயைத் திறந்தேன்; நீ பக்கத்தில் நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தாய். உன் முகத்தைப் பார்த்ததும், "ம்" என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன். மகனுடைய முகத்துக்கே பயப்படுகிறவனிடம் நீ யோசனை கேட்டிருக்கிறாய். அந்த முகம் யாருடையது என்று பஸ்ஸில் திரும்பும் வழியெல்லாம் யோசித்தேன். அது என்னுடையது.

இரண்டாவது, உன் அம்மாவின் புத்தகம். அந்த நாளில் சீமை மில்லிலிருந்து வரும் மல் துணிக் கட்டின் மேல் ஒரு வண்ணப் படம் ஒட்டியிருக்கும். பட்டை தீட்டியது போன்ற அச்சு; தங்க மை, குங்குமச் சிவப்பு. கிளி, யானை மேல் அம்பாரி, வீணை வாசிக்கும் பெண், புகை கக்கும் கப்பல். பூந்தமல்லிக் கடைத்தெருவில் ஜவுளிக் கடை வைத்திருந்த செட்டியார் கட்டைப் பிரித்ததும் அதை ஈரத்துணியால் ஒற்றி உரித்து உன் அம்மாவுக்காக எடுத்து வைப்பார். அவள் கடையில் துணி வாங்கியதே இல்லை. தறிப் புடவைதான் கட்டுவாள். ஆனாலும் அவர், "வாம்மா, உனக்கு ஒரு கிளி வந்துகீது. கப்பல்லயே ஒரு மாசம் பட்டினியா வந்துகீது, சீக்கிரம் கூட்டிம்போ" என்பார்.

ஒட்டுவதற்கு அவளிடம் காகிதம் இல்லை. என் பள்ளிக்கூடத்துத் தேசப்படப் புத்தகத்தை எடுத்துக்கொண்டாள். நான் வகுப்பில் முதலாக வந்ததற்குக் கிடைத்த பரிசு அது. ஒரு நாள் பிரித்துப் பார்க்கிறேன், இந்துமகா சமுத்திரத்தில் யானை நிற்கிறது. சத்தம் போட்டேன். நான் சத்தம் போட்ட சில சந்தர்ப்பங்களில் அது ஒன்று. அவள் பசைக் கையோடு என்னைப் பார்த்து, "இன்னாங்க நீங்க, ஊருங்க மேலயா ஒட்டினேன்? கடல்லதான ஒட்டிகிறேன். கடல் சும்மாதான கெடக்குது" என்றாள். உண்மைதான். ஒரு தீவுகூட மறையாமல் ஓரம் வெட்டி ஒட்டியிருந்தாள். நீ உலகத்தைப் படித்தது அந்தப் புத்தகத்தில்தான். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வங்காள விரிகுடாவில் என்ன இருக்கிறது என்று கேட்டபோது நீ "கிளி" என்று சொல்லி முழங்காலில் நின்றாயாம். அன்று அவள் சிரித்த சிரிப்பு உனக்கு நினைவிருக்கலாம். மாங்கிளையில் உட்கார்ந்த பச்சைக்கிளி அது. மதராஸுக்கும் பர்மாவுக்கும் நடுவில், வாலை அந்தமான் பக்கம் தொங்கவிட்டுக்கொண்டு இருந்தது.

மூன்றாவது. அவளுக்குக் கோயில் திருவிழா, சர்க்கஸ், மூர்மார்க்கெட் எதுவும் பெரிதல்ல. யாரும் போகாத இடத்துக்கு, யாரும் பார்க்காத ஒன்றைப் பார்க்கப் போகவேண்டும். கல்யாணமான முதல் வருஷம் குமணன்சாவடியில் ஒரு தோட்ட பங்களாவின் வராந்தாத் தரையைப் பார்க்கவேண்டும் என்றாள். அந்த வீட்டைக் கட்டியவர் வேறு வேறு வீடுகளில் மிஞ்சிய பூப்போட்ட தரைக்கற்களை வாங்கி வந்து பதித்துவிட்டாராம். ஒரு கல் போல இன்னொரு கல் கிடையாதாம். பால்காரி சொல்லி அவளுக்குத் தெரிந்தது. போனோம். நான் வாசற்கேட்டுக்கு வெளியே குடையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். அவள் நேராக உள்ளே போய்விட்டாள். தோட்டக்காரர் மண்வெட்டியோடு வந்தார். "இன்னாமா, யாரு ஓணும்?" "யாரும் வேணாம் அண்ணே. தரைய பாத்துட்டுப் போலாம்னு வந்தோம்." அவர் மண்வெட்டியைக் கீழே ஊன்றினார். "தரையவா? தரையில இன்னா, சாமியா கீது? சரி, பாரு. மிதிக்காத பாரு, இப்பதான் தொடச்சேன். அவரு யாரு, வெளிய நின்னுகினு? போலீசா?" "எங்க ஊட்டுக்காரரு. அவருக்குத் தரைன்னா பயம்" என்றாள். இருவரும் சிரித்தார்கள். அவள் குனிந்தபடியே வராந்தாவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை போனாள். அவளை ஏதாவது ஒரு கல் தடுத்து நிறுத்துவதும், அவள் கன்னத்தில் கை வைப்பதும், கேட்டிலிருந்தே தெரிந்தது. நான் உள்ளே போகவில்லை. யாரோ வந்து யார் நீங்கள் என்று கேட்டால் என்ன பதில் சொல்வது என்று அரை மணி நேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். யாரும் வரவில்லை. கடைசியில் அங்கிருந்தே, "ஆயிற்றா?" என்று குரல் கொடுத்தேன். அந்தத் தரையை நான் பார்க்கவே இல்லை. அதைப் பற்றி அவள் சொன்னதையும் வீடு வரும்வரை சரியாகக் கேட்கவில்லை.

இன்னொன்றில் நீயும் இருந்தாய். உனக்கு ஆறு வயது. அம்பத்தூர்ப் பக்கம் ரயில்வே கேட்காரர் ஒருவர் தம் குடிசையைச் சுற்றிப் பாட்டில்களால் பாத்தி கட்டியிருந்தார். ரயிலிலிருந்து எறிந்த பாட்டில்களைப் பொறுக்கி, கழுத்தை மண்ணில் புதைத்து, நட்சத்திரமும் பிறையும் தாமரையுமாக வரிசை போட்டிருந்தார். நடுவில் ஒரே ஒரு கத்தரிச்செடி. வண்டி கட்டிக்கொண்டு அயனம்பாக்கம் ஏரிக்கரை வழியாகப் போனோம். கேட்காரருக்கு ஒரே பெருமை. "இது பம்பாய் மெயில்ல வுழுந்தது. இது பெங்களூர் வண்டி. தொரைங்க குட்ச்சிட்டு வுட்டெறிவானுங்கோ, மண்டைய பாத்துக்கணும். இந்த நீலம் கீதே, இதுக்கோசரம் ஒரு வருசம் காத்துகினு இருந்தேன்மா" என்றார். காத்திருந்து கிடைத்த நீலத்தில் ஒன்றை அவளுக்கே கொடுத்துவிட்டார். திரும்பும்போது அவள் அதைக் கண்ணில் வைத்து ஏரியைப் பார்த்தாள். "அய்யோ, பட்டப்பகல்ல நெலா காஞ்சா மாதிரி கீது. இந்தா நைனா, நீ பாரு" என்று உன்னிடம் கொடுத்தாள். நீ பார்த்துவிட்டுக் கத்தினாய். பிறகு என்னிடம் நீட்டினாள். நான் வாங்கவில்லை. அது சாராய பாட்டில் என்றும், சர்க்கார் உத்தியோகஸ்தன் வீட்டில் அது இருந்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்றும் சொன்னேன். மூன்று தடவை சொன்னேன். மைல்கல் வந்ததும் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினாள். பாட்டிலை எறியவில்லை, முந்தானையால் துடைத்து, மைல்கல்லின் மேல் நிமிர்த்தி வைத்துவிட்டு ஏறிக்கொண்டாள். நீ வீடுவரை அழுதாய். ஏரி நீலப் பாட்டிலின் வழியாக எப்படி இருந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. உனக்குத் தெரியும். அதனால்தான் உன் கூடையைப் பற்றிப் படித்தபோது எனக்கு அவ்வளவு கசந்தது. நான் பார்க்காதவன், நீ பார்த்தவன்.

நாலாவதுக்கு வந்துவிட்டேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அந்நியத் துணி பகிஷ்காரம் சூடாக நடந்துகொண்டிருந்த வருஷம். உனக்கு ஒன்பது வயது. அன்று நீ உன் மாமா வீட்டில் இருந்தாய். உன் அம்மா பக்கத்துத் தெருவில் ஒரு குழந்தைக்குப் பெயர் வைக்கும் விசேஷத்துக்குப் போயிருந்தாள். சாயங்காலம் கை வண்டியைத் தள்ளிக்கொண்டு ஏழெட்டுப் பேர் வீடு வீடாகச் சீமைத் துணி கேட்டு வந்தார்கள். முன்னால் வந்தவன் எதிர்வீட்டு மளிகைக்கடைக் கண்ணப்பன். நல்ல மனிதன், குரல்தான் பெரிது. "இன்னா ரைட்டரே! ஊட்ல சீமைத் துணி இன்னா கீது? எட்தாங்க" என்றான். ஒன்றும் இல்லையப்பா, அவள் கட்டுவதெல்லாம் தறிப் புடவை என்றேன். அவன் என் தோளுக்கு மேலாக உள்ளே பார்த்தான். "அப்ப அது இன்னா ஆணியில தொங்கினு கீது? பளபளன்னு கீதே!"

அது என் அலுவலகக் கோட்டு. கறுப்பு அல்பாகா என்ற சீமைக் கம்பளி, ஐந்து பொத்தான். எனக்கு இருந்தது அது ஒன்றுதான். ஆபீஸ் கோட்டு என்றேன். "ஆபீஸ் கோட்டுன்னா எரியாதா இன்னா?" என்றான் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு இரண்டு பக்கமும் பயம். கொடுக்காவிட்டால் தெருவில் என்ன பெயர் வரும் என்று பயம். கொடுத்தால், காலையில் கோட்டு இல்லாமல் போனவனை அதிகாரி பார்த்து, நேற்று நெருப்பில் போட்டவர்களில் நீரும் ஒருவரா என்று கேட்பாரே என்று பயம். இந்தப் பயத்துக்கும் அந்தப் பயத்துக்கும் நடுவில் நான் தேடியது ஒரு மூன்றாவது பொருள். அலமாரியிலிருந்து தேசப்படப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்து, "இது முழுக்கச் சீமை மில் படங்கள். துணியைவிட இதுதான் மோசம், விளம்பரம்" என்று சொல்லிக் கொடுத்தேன். அந்தக் காரணம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. நன்றாகப் படித்தவனுக்குக் காரணம் சீக்கிரம் வந்துவிடுகிறது. கண்ணப்பன் பிரித்துப் பார்த்தான். "அடேங்கப்பா! யானை, கிளி, பொம்பள! ரைட்டரு சீமையவே தூக்கிக் குட்துட்டாருபா!" பின்னாலிருந்து யாரோ, "கோட்டு பொயச்சிக்கிச்சு" என்றார்கள். வண்டி போய்விட்டது. கடைத்தெருக் கோடியில் பொழுது சாயும் முன்பே எரித்தார்கள். வாசலில் நின்றால் புகை தெரிந்தது.

அவள் வருவதற்குள் நான் செய்ததையும் எழுதிவிடுகிறேன். கொல்லைச் சுவரில் கரையான் மண் கட்டியிருந்தது. அதைக் கரண்டியால் பெயர்த்து வந்து, புத்தகம் இருந்த இடத்தில் அலமாரிப் பலகையின் மேல் ஈரமாக்கிப் பூசினேன். ஒழுங்காகப் பூசினேன். நான் எதையும் ஒழுங்காகத்தான் செய்வேன். அவள் வந்ததும் கரையான் தின்றுவிட்டது, மிச்சத்தை அடுப்பில் போட்டுவிட்டேன் என்றேன். அவள் பலகையைப் பார்த்தாள். விரலால் அந்த மண்ணைத் தொட்டுப் பார்த்தாள். இரண்டு பக்கமும் என் புத்தகங்கள் முழுசாக நின்றன. "நல்ல கரையானுங்க. உங்க புஸ்தகத்த ஒண்ணத்தையும் தொடல" என்றாள். உள்ளே போய் விளக்கேற்றினாள். நான் அதை ஆறுதலாக எடுத்துக்கொண்டேன்.

ஐந்தாவதாக என் யோசனை. மரகதத்திடம் சொல்லாதே. குரங்கு என்றே சொல்லிவிடு. காரணங்கள் இவை. உன் அம்மாவுக்குக் கடைசிவரை தெரியாது. தெரியாததால் அவள் என் மேல் ஒரு நாளும் மனம் வெறுக்கவில்லை. அதற்குப் பிறகு ஒன்பது வருஷம் இருந்தாள். ஒரு வார்த்தை கேட்டதில்லை. செட்டியார் கடைப் பக்கம் போவதை விட்டுவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை வந்தால் எங்கேயும் போகவேண்டும் என்று கேட்பதில்லை. நான் பென்ஷன் வாங்கிய பிறகு, மனம் வந்து, ஐயப்பன்தாங்கல் பக்கம் ஒருவர் வீட்டுச் சுவர் முழுக்கக் கிளிஞ்சல் பதித்திருக்கிறாராம், போய்ப் பார்க்கலாமா என்று நானே கேட்டேன். "செவுத்துல இன்னா கீது பாக்க" என்றாள். வயது வந்து பொறுப்பு வந்துவிட்டது என்று நினைத்தேன். அப்படியே நாலு பேரிடம் சொல்லியும் இருக்கிறேன். அவளுக்குத் தெரியாது என்பதற்கு வேறு அத்தாட்சியும் உண்டு. புத்தகம் போன அடுத்த வாரமே, கழுத்துக்குக் கீழே உள்துணி நைந்திருக்கிறது என்று அந்தக் கோட்டைத் தானே கேட்டு வாங்கி, பிரித்து, இரண்டு நாள் உட்கார்ந்து தைத்துக் கொடுத்தாள். கஞ்சித்துணி ஏதோ உள்ளே வைத்திருந்தாள் போலிருக்கிறது. முதுகில் ஒரு விறைப்பு வந்தது. அதிகாரிகூட, இப்போதுதான் ஐயா நிமிர்ந்து உட்காருகிறீர் என்றார். ஏழு வருஷம் அந்த விறைப்போடுதான் அலுவலகம் போனேன். மனத்தில் கோபம் உள்ளவள் அந்தக் கோட்டையே மடியில் வைத்துத் தைப்பாளா? ஆகையால் சொல்லாதே. சொன்னால் சொன்னவனுக்குப் பாரம் குறையும், கேட்டவளுக்கு ஏறும். அவ்வளவுதான் நடக்கும்.

ஆறாவது. சொல்லாமல் இருந்தால் போதாது. அவள் ஒன்றைக் காட்டினால் கையில் வாங்கிப் பார். நன்றாக இருந்தால் நன்றாக இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல். "ம்" என்று சொல்லாதே. எங்கேயாவது கூப்பிட்டால் போ. போனால் கேட்டுக்கு வெளியே நிற்காதே. "ஆயிற்றா?" என்று ஒருபோதும் கேட்காதே. ஆயிற்றா என்று கேட்டுக்கேட்டு நான் முடித்து வைத்ததெல்லாம் உண்மையாகவே முடிந்துவிட்டது. போன கோடையில் அயனம்பாக்கம் ஏரி வற்றியிருந்தபோது நடந்து போனேன். சேற்று வெடிப்பில் ஒரு பானை ஓடு. மேலே யாரோ எப்போதோ நகத்தால் கீறிய மீன், கண் மட்டும் ஒரு புள்ளி. எடுத்து வைத்துக்கொண்டு நின்றேன். காட்ட ஆள் இல்லை. கரையில் இரண்டு பேர் மாடு ஓட்டிக்கொண்டு வந்தார்கள்; கிழவன் ஓடு பொறுக்குகிறான் என்று நினைப்பார்களே என்று அதை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தேன். அறுபது வயதிலும், மாடுகளுக்கு முன்னால்கூட, எனக்குப் பயம்.

இங்கே எழுதுவதை நிறுத்திவிட்டு எழுந்து போனேன். காரணம் அற்பமானது. மேலே கோட்டுக்கு ஐந்து பொத்தான் என்று எழுதியிருந்தேன். நாலா ஐந்தா என்று சந்தேகம் வந்துவிட்டது. சந்தேகத்தோடு எதையும் எழுதி அனுப்ப எனக்கு வராது. பெட்டியைத் திறந்து கோட்டை எடுத்து வெளிச்சத்தில் விரித்தேன். ஐந்துதான். திரும்ப மடிக்கும்போது முதுகில் அந்த விறைப்பு கையில் தட்டியது. அது துணியாக இருந்திருந்தால் இத்தனை வருஷத்தில் தளர்ந்திருக்கவேண்டும். அழுத்தினேன், காகிதம்போல் சலசலத்தது. அவளுடைய கத்தரிக்கோலால் தையலைப் பிரித்தேன். சின்னத் தையல், நெருக்கமான தையல்; நேரம் பிடித்தது.

உள்ளே பழைய புடவைத் துண்டில் சுற்றி ஒரு காகிதம். கிளி. வாலும் ஒரு சிறகும் கருகிப் போய்விட்டன. தலையும் சிவப்பு மூக்கும் மாங்கிளையும் இருக்கின்றன. சுற்றிலும் கடலின் வெளிர் நீலம்; வலது ஓரத்தில் பர்மாக் கரையில் ஒரு விரலளவு. வேறு எந்தப் புத்தகத்திலும் அந்தக் கிளி அந்தக் கடலில் இருந்ததில்லை.

மறுநாள் காலையில் அவள் கடைத்தெருக் கோடிக்குப் போயிருக்கிறாள். சாம்பலைக் கிளறியிருக்கிறாள். கோட்டு பிழைத்த கதையைத் தெருவே சொல்லிச் சிரித்திருக்கும். எனக்கு மட்டும் அது தோன்றவில்லை. எதற்குப் பதிலாக அது போயிற்றோ, அதற்குள்ளேயே வைத்துத் தைத்து, காலையில் என் தோளில் மாட்டிவிட்டு, "நேரமாய்டுச்சு, கெளம்புங்க" என்று அனுப்பியிருக்கிறாள். ஏழு வருஷம். நான் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறேன். அது தண்டனையா, அல்லது ஒளித்து வைக்க அவளுக்கு இந்த வீட்டில் வேறு இடம் இல்லையா என்று கேட்க இப்போது ஆள் இல்லை. நான் ஒரு தடவை வாய் திறந்திருந்தால் அவளும் திறந்திருப்பாள் என்று மட்டும் தோன்றுகிறது. ஒன்பது வருஷம் ஒரே வீட்டில் இருவரும் ஒரே விஷயத்தைச் சொல்லாமல் இருந்திருக்கிறோம். நான் அதை நிம்மதி என்று எழுதியிருக்கிறேன்.

இந்தக் கடிதத்தில் சுரண்டல் இல்லை. பிழை ஒன்று. ஐந்தாவதாக எழுதியது முழுவதும் தவறு. அதன் காரணங்களும் தவறு. அதை அடிக்காமல் விட்டிருக்கிறேன், நீ இரண்டாம் முறை படிப்பதற்காக. மரகதத்திடம் சொல்லிவிடு. குரங்கு வேண்டாம், அவள் ஜன்னல் கட்டையை ஒரு தடவை விரலால் தொட்டுப் பார்த்தாலே போதும், தெரிந்துவிடும். சனிக்கிழமை வெளிச்சம் இருக்கும்போதே கயிறு கட்டிக் கிணற்றில் இறங்கு. கோலிகள் பதினொன்று. நான் எண்ணியிருக்கிறேன்.

உன் அப்பா